ஏலாது என்றுதான் சொன்னேன்

"தரையில் இருந்த கைப்பையைத் தானே குனிந்து எடுத்தார்" என்று எழுதியிருக்கிறார்கள்.

அது என் மகளின் பை. குனிந்து எடுத்ததும் அவள்தான். நான் அன்றைக்கு எதையும் தூக்கவில்லை. தூக்குவதற்கு ஒரு கை எனக்கு இருந்திருந்தால் அந்த அறைக்குள் கால் வைத்திருக்கவே மாட்டேன்.

2019 ஒக்டோபர் மாதம் லண்டனில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஐம்பது நிமிடம் நான் பேசினேன். அந்த ஐம்பது நிமிடத்தில் என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்கூட இன்றைக்கு உலகத்தில் எங்கும் இல்லை. என் பேரில் இருப்பது இன்னொருவர் எழுதிய முப்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள். நான் சொல்லாததெல்லாம் அதில் நான் சொன்னதாக இருக்கிறது. ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தப் பக்கங்கள்தான் நான். நான் நானாக இருக்கவில்லை.

எனக்கு ருமட்டோயிட் ஆர்த்திரைட்டிஸ். ஊரில் எல்லாவற்றையும் சேர்த்து "வாதம்" என்று சொல்லிவிடுவார்கள். வயது போனால் வரும் மூட்டுத் தேய்வு வேறு, இது வேறு. நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தி, ஆள் மாறி, தன்னுடைய மூட்டுகளையே தின்னத் தொடங்கும் வருத்தம் இது. நாற்பத்தொரு வயதில் எனக்கு வந்தது. அதற்கு முன் பதினொரு வருடம் ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை செய்தேன். எத்தனையோ வெள்ளைக்காரக் கிழவிகளை இந்தக் கைகளால்தான் கட்டிலிலிருந்து தூக்கி, குளிப்பாட்டி, தலை இழுத்துவிட்டேன். இப்போது காலையில் கண் விழித்தால் விரல்கள் மடங்கியபடியே இறுகிக் கிடக்கும். அவை விரிய இரண்டு மணி நேரம் வேண்டும். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அணைத்துத்தான் குடிக்கிறேன். கேத்தலில் தண்ணீர் இருந்தால் தூக்க ஏலாது. வெள்ளிக்கிழமை இரவு மெத்தொட்ரெக்சேட் குளிசை. சனிக்கிழமை முழுக்க வயிற்றைப் பிரட்டும். ஞாயிறு ஒரு மனிசியாக எழும்பினால் அந்தக் கிழமை நல்ல கிழமை.

பிரிட்டனில் இருக்கிறவர்களுக்கு "பிப்" என்றால் விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீண்டகால வருத்தத்தாலோ உடற்குறையாலோ வருகிற மேலதிகச் செலவுக்கு அரசாங்கம் கொடுக்கும் காசு அது. வேலைசெய்யும் வயதில் இருப்பவர்களுக்கு, முன்பிருந்த கொடுப்பனவுக்குப் பதிலாக 2013இல் கொண்டுவந்தார்கள். வேலைக்குப் போகிறவரும் வாங்கலாம், போகாதவரும் வாங்கலாம். சமைப்பது, சாப்பிடுவது, கழுவுவது, உடுப்பது, மற்றவரோடு பேசுவது என்று நாளாந்த வாழ்க்கைக்குப் பத்துக் கேள்வி, நடமாட்டத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவார்கள். 8 புள்ளி எடுத்தால் சாதாரணத் தொகை, 12 எடுத்தால் கூடிய தொகை. ஒருவர் 20 மீற்றருக்கு மேல் நடக்க ஏலாதவர் என்றால் நடமாட்டத்துக்கு 12 புள்ளி. 50 மீற்றர் தாண்டினால் வெறும் 4. இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவிலுள்ள அந்த முப்பது மீற்றர் எங்கள் வீட்டு வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம்வரைகூட வராது. என் வாழ்க்கை அந்த முப்பது மீற்றருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

புள்ளி போடுகிறவர் என் வைத்தியர் இல்லை. ஒப்பந்தம் எடுத்த ஒரு தனியார் நிறுவனம் ஒரு தாதியையோ பிசியோதெரபிஸ்டையோ அம்புலன்ஸ்காரரையோ வைத்து ஒரு மணி நேரம் பேசிப் பார்க்கும். அவர் எழுதும் அறிக்கை, காசு கொடுக்கும் அரசாங்கத் திணைக்களத்துக்குப் போகும். அங்கே என் முகத்தைக் காணாத ஒருவர் அதை வாசித்து முடிவெடுப்பார். அறிக்கையில் எழுதியதுதான் நடந்தது. எழுதாதது நடக்கவில்லை.

முந்திய முறை எனக்கு நடமாட்டத்துக்கு 12 புள்ளியும் நாளாந்த வாழ்க்கைக்கு 9 புள்ளியும் கிடைத்திருந்தன. அந்தக் காசில் நடமாட்டப் பங்கைக் கொடுத்து ஒரு சின்னக் கார் எடுத்திருந்தோம். மகள் ஓட்டுவாள். ஆஸ்பத்திரிக்கும், கோயிலுக்கும், மாதத்தில் ஒருநாள் தமிழ்க் கடைக்கும் அதில்தான். 2019இல் மீளாய்வு என்று கடிதம் வந்தது.

வேறு ஆட்களுக்கு நடந்ததைக் கேட்டுக் கேட்டு மகளுக்குப் பயம். "அம்மா, நாங்கள் றெக்கோட் பண்ணிக்கொண்டு போவம்" என்றாள். கடிதத்தோடு வந்த தாளை வாசித்துப் பார்த்தாள். பதிவு செய்யலாமாம். ஆனால் முதலே சொல்ல வேண்டுமாம். இயந்திரத்தை நாங்களே கொண்டு வர வேண்டுமாம். பேச்சு முடிந்த கையோடு ஒரேமாதிரி இரண்டு பிரதிகள் அது தர வேண்டுமாம், கசெற்றிலோ சீடியிலோ. ஒன்றை அவர்களிடம் அங்கேயே கொடுத்துவிட வேண்டும். போன் கூடாது. லாப்டொப் கூடாது.

2019ஆம் ஆண்டு இது. பத்து வயதுப் பிள்ளையின் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிற காலம். கை விரியாத ஒரு நோயாளியைப் பார்த்து, இரண்டு கசெற் ஓடுகிற பெட்டி ஒன்றைத் தேடிப்பிடித்துச் சுமந்துகொண்டு வா என்கிறார்கள். மகள் மூன்று நாள் தேடினாள். வாங்கக்கூடிய விலையில் ஒன்றும் அகப்படவில்லை. யாரிடம் இரவல் கேட்பது?

அப்படிப்பட்ட பெட்டி எங்கே இருந்தது தெரியுமா? பொலிஸ் நிலையத்தில். இங்கிலாந்தில் பொலிஸ் ஒருவரைப் பிடித்து விசாரித்தால் அந்தப் பேச்சு ஒலிப்பதிவாக வேண்டும். 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்கு அது. முன்பு ஒரே நேரத்தில் இரண்டு கசெற்றில் பதிந்து, ஒன்றைச் சந்தேக நபரின் கண்முன்னாலேயே ஒட்டி முத்திரை வைத்தார்கள். பிற்பாடு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றோ "நீ அப்படித்தான் சொன்னாய்" என்றோ யாரும் கதை மாற்றக்கூடாது என்பதற்காக. நல்ல ஒழுங்கு. வேண்டிய ஒழுங்கு. சந்தேக நபரின் சொல்லுக்கு அவ்வளவு காவல் போடத் தெரிந்த நாடு, வருத்தக்காரியின் சொல்லுக்கு ஒரு மேசைக் கருவி வைக்க மனம் இல்லாமல் இருந்தது. என்னிடம் மட்டும் பெட்டியை நீயே கொண்டு வா என்றது.

மதிப்பீட்டு நாளன்று மகள் போனை மேசையில் வைத்து, "பதியலாமா?" என்று மரியாதையாகக் கேட்டாள். மதிப்பீடு செய்த அம்மா சொன்னது இது: பதிவை நிறுத்தாவிட்டால் மதிப்பீட்டை முடித்துவிடுவேன், நீங்கள் ஒத்துழைக்கவில்லை என்று எழுத வேண்டி வரும். ஒத்துழைக்கவில்லை என்று எழுதினால் காசு நிற்கும். மகள் போனை எடுத்துப் பையில் வைத்தாள். அந்தப் பைதான், நான் குனிந்து எடுத்ததாக அவர்கள் எழுதிய பை.

மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. தமிழ்நாட்டுத் தமிழ். நல்ல பிள்ளை, "அம்மா, அம்மா" என்றுதான் பேசினார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கும் அவருக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் என் தமிழுக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு பழக்கம். ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் நாங்கள் "ஓம், ஓம்" என்போம். கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கோ என்று அதற்குப் பொருள். அவர் கேட்டார்: "அம்மா, நீங்க ஒரு சாதாரண சாப்பாடு, அடுப்புல செய்யுறது, அதைப் பத்திக் கேக்குறாங்க." நான் "ஓம்" என்றேன். கேள்வி விளங்கிற்று என்ற ஓம். அதற்குப் பிறகு மூச்சு எடுத்து, கத்தி பிடிக்க ஏலாது, சட்டி இறக்க ஏலாது, போன மாதம் சுடுதண்ணி காலில் ஊற்றுப்பட்டது என்று சொல்லத் தொடங்கினேன். ஓம் "யெஸ்" ஆகி அந்தப் பக்கம் போய்விட்டது. அந்த அம்மாவின் விரல் கீபோர்ட்டில் ஓடியது எனக்குக் கேட்டது. சுடுதண்ணிக் கதை போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அறிக்கையில் இல்லை.

"ஏலாது" என்ற சொல்லையும் நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! அந்தப் பிள்ளைக்கு அது பழக்கமில்லாத சொல்லாக இருந்திருக்கலாம். ஒருமுறை "இயலாதுங்களா, இல்ல கஷ்டமா இருக்குங்களா?" என்று கேட்டார். நான் இரண்டும்தான் தம்பி என்றேன். அறிக்கையில் "சிறிது சிரமம்" என்று வந்தது.

கடைசியாக, "அப்ப எப்படிம்மா சமாளிக்கிறீங்க?" என்றார். நான் சொன்னேன், "என்ன செய்யிறது தம்பி, ஒரு மாதிரிச் சமாளிக்கிறன்."

அந்த ஒரு வசனத்தில்தான் என்னை விழுத்தினார்கள். எங்கள் வாயில் அதற்கு என்ன பொருள்? பிள்ளை பள்ளிக்கூடம் போகமுன் எழும்பிச் சமைத்து வைக்கிறாள், சாப்பாட்டை நான் ஆறிப்போய்ச் சாப்பிடுகிறேன், குளிக்காத நாளும் உண்டு, அழுத நாளும் உண்டு, ஆனால் அந்நிய மனுசருக்கு முன்னால் அதையெல்லாம் விரித்து வைக்க வெட்கமாயிருக்கிறது என்று பொருள். செத்த வீட்டிலும் "எப்படி இருக்கிறியள்?" என்றால் "இருக்கிறம்" என்று சொல்கிற சனம் நாங்கள். அறிக்கையில் அது ஆங்கிலத்தில் ஒரே சொல்: சமாளிக்கிறார். உதவி இல்லாமல் சமாளிக்கிறார் என்று அதற்கு வாலும் முளைத்திருந்தது.

பிறகு என் பின்னல். வெளியில் போகும்போது தலை இழுத்து, சுத்தமாக உடுத்துப் போ என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அப்படித்தான். அன்றைக்கு மகள் விடிய எழும்பி எனக்குப் பின்னிவிட்டாள், மேல்சட்டையின் தெறிகளைப் பூட்டிவிட்டாள். அறிக்கை சொல்கிறது: "தலைமுடி நேர்த்தியாகப் பின்னப்பட்டிருந்தது, உடை ஒழுங்காக இருந்தது, இதனால் தோள்களையும் கைகளையும் போதிய அளவு அசைக்கக்கூடியவர் என்று தெரிகிறது." யார் பின்னியது என்று ஒருவர் என்னைக் கேட்கவில்லை. அருகில் இருந்த பிள்ளையைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் ஒரு சொல்.

ஒலிப்பதிவு ஒன்று இருந்திருந்தாலும் பின்னலை அது காட்டியிருக்காது என்று ஒருவர் எனக்கு வாதம் சொன்னார். உண்மைதான், காட்டாது. ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்பதைக் காட்டியிருக்கும். ஐம்பது நிமிடத்தையும் திருப்பிப் போட்டால் "தலை யார் இழுத்துவிட்டது?" என்ற குரல் எங்கும் வராது. அது போதும் எனக்கு.

நடையைப் பற்றி எழுதியது, "காத்திருப்பு அறையிலிருந்து 50 மீற்றருக்கு மேல் நிற்காமல் சாதாரண வேகத்தில் நடந்தார்." நான் இரண்டு இடத்தில் நின்றேன். இரண்டாம் தரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு காரியத்தை ஆபத்தில்லாமல், ஏற்கக்கூடிய தரத்தில், திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிந்தால்தான் அதைச் செய்ய முடியும் என்று எடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே விதி இருக்கிறது. அதைப் பிற்பாடுதான் அறிந்தேன். அந்த நாலு சொல்லில் ஒன்றைக்கூட அன்றைக்கு யாரும் என்னிடம் உச்சரிக்கவில்லை.

12 புள்ளி 4 ஆனது. 9 புள்ளி 2 ஆனது. கிழமைக்கு 119 பவுண் 90 பென்ஸ் ஒரே கடிதத்தில் நின்றது. 2020 தை மாதம் காரைத் திருப்பி எடுத்தார்கள். வந்த பொடியன் பாவம், திறப்பை வாங்கும்போது என் கையைப் பார்த்துவிட்டு "சொறி" என்றான். இந்தக் கதையில் என் கையைப் பார்த்த முதல் ஆள் அவன்.

மேன்முறையீடு செய்யலாம் என்பார்கள். நேரே செய்ய முடியாது. முதலில் திணைக்களத்திடமே "திரும்ப ஒருக்கால் பாருங்கோ" என்று கேட்க வேண்டும். ஒரு மாதத் தவணை. நான் எழுதினேன்: பையை நான் எடுக்கவில்லை, நடுவில் நின்றேன், ஏலாது என்றுதான் சொன்னேன். பதில் வந்தது. மதிப்பிட்டவர் பயிற்சி பெற்ற மருத்துவத் துறையாளர். அவர் நேரில் கண்டதை ஏற்காமல் விடக் காரணம் இல்லை. முடிவில் மாற்றம் இல்லை.

என்னுடைய சொல் ஒரு பக்கம். அவருடைய சொல் ஒரு பக்கம். அவருடையதற்குக் கடுதாசி இருக்கிறது. என்னுடையது காற்றில் போனது. பொய்க்காரி என்று அவர்கள் எங்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால்கூட அதற்குப் பதில் சொல்லலாம். மிகவும் மரியாதையான ஆங்கிலத்தில், நான் சொல்வதை விட அந்த அம்மா சொல்வதுதான் என் உடம்பு என்று எழுதியிருந்தார்கள்.

நான் ஒருத்தி மட்டும் என்றால் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். 2018 பெப்ரவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் தொழில், ஓய்வூதியக் குழு, பிராங்க் ஃபீல்ட் தலைமையில், இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. ஆயிரக்கணக்கான வருத்தக்காரர் அந்தக் குழுவுக்கு எழுதியிருந்தார்கள். என் வழக்குக்காக மகள் அதை வாசித்துச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. ஒருவர் தினமும் நாயை நடத்திக்கொண்டு போகிறார் என்று எழுதப்பட்டிருக்கிறது. அவர் நடப்பதே பெரும்பாடு, அவரிடம் நாயும் இல்லை. இன்னொருவர் கதிரையிலிருந்து சிரமமில்லாமல் எழும்பினாராம். அவர் முழு நேரமும் கட்டிலில் கிடந்திருக்கிறார், அறையில் இருந்த ஒரே கதிரையில் மதிப்பிட வந்தவர்தான் இருந்திருக்கிறார். டவுண் சின்ட்ரோமோடு பிறந்த பிள்ளைக்கு அந்த வருத்தம் எப்போது தொற்றியது என்று கேட்டிருக்கிறார்கள். நாயும், கதிரையும், என் கைப்பையும் ஒரே குடும்பம்.

அந்தக் குழு தெளிவாகச் சொன்னது: யாரும் கேட்காமலே ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஒலிப்பதிவு செய்யுங்கள், பதிவின் பிரதியையும் அறிக்கையின் பிரதியையும் அந்த ஆளுக்குக் கொடுங்கள். அந்த ஆண்டே அரசாங்கம் இன்னும் ஒருபடி மேலே போய், வீடியோவே எடுக்கப்போகிறோம் என்றது. சில இடங்களில் பரீட்சித்தும் பார்த்தார்கள். அந்த வீடியோ நாடு முழுக்க வரவில்லை. அதற்கும் முன்னே, 2010இல், வேலைசெய்யும் தகுதியை அளக்கும் இன்னொரு மதிப்பீட்டை ஆராய்ந்த பேராசிரியர் மல்கம் ஹரிங்டன் ஒலிப்பதிவைப் பரீட்சித்துப் பார்க்கும்படி சொல்லியிருந்தார். 2011இல் நியூகாசிலில் பரீட்சித்தார்கள். அதே நியூகாசிலில்தான் கென் லோச் "நான், டேனியல் பிளேக்" படத்தை எடுத்தார், 2016இல் அது வெளிவந்தது. படம் தொடங்கும்போது திரை கறுப்பாக இருக்கும். ஒரு மதிப்பீட்டின் குரல்கள் மட்டும் கேட்கும். கேள்வி ஒன்று, மனிசன் படுகிற பாடு வேறொன்று. நான் அதைப் பார்த்தது காசு நின்ற பிறகு. அந்தக் கறுப்புத் திரையைத் தாண்டி என்னால் பார்க்க முடியவில்லை, நிறுத்தச் சொல்லிவிட்டேன். உலகமெல்லாம் தியேட்டரில் இருந்து அந்த ஆளின் குரலைக் கேட்டது. என் குரலைக் கேட்க எனக்கே வழி இல்லை.

தீர்ப்பாயத்துக்குப் போனோம். கொரோனாக் காலம், 2020 கார்த்திகையில் தொலைபேசியிலேயே விசாரணை. ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், உடற்குறையோடு வாழ்வதை அறிந்த இன்னொருவர் என்று மூன்று பேர். தொடங்கமுன் நீதிபதி சொன்னார், இந்த விசாரணை ஒலிப்பதிவு செய்யப்படுகிறது. நான் அந்த இடத்தில் அழுதுவிட்டேன். அவர்கள் என்ன ஏது என்று பதறிக் கேட்டார்கள். எப்படிச் சொல்வேன்? வைத்தியர் ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் தலையை யார் இழுத்துவிடுகிறார்கள்?" ஒரு வருடமாக அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

அன்றே தீர்ப்பு. பழைய புள்ளிகளே திரும்பின. நிலுவைக் காசும் வந்தது. பல வருடங்களாக பிப் வழக்குகளில் தீர்ப்பாயம்வரை போனவர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவில் வென்றார்கள். அதை ஒரு சந்தோசச் செய்தியாகச் சிலர் சொல்கிறார்கள். பத்துத் தராசில் ஏழு பிழையாக நிறுத்தால் அந்தக் கடையை என்ன செய்வீர்கள்? அதுவும், தீர்ப்பாயம்வரை போகத் தெம்பு இருந்தவர்களின் கணக்கு. நான் கார் இல்லாமல் இருந்த மாதங்களில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்ட தவணைகளை நிலுவையில் யார் தருவது? படிப்பை ஒரு வருடம் தள்ளிப்போட்ட பிள்ளைக்கு அந்த வருடத்தை யார் தருவது?

2023இல் மீண்டும் மீளாய்வு. இந்த முறை தொலைபேசியில். கொரோனாவுக்குப் பிறகு பதிவை நிறுவனமே செய்யும் வழி வந்திருந்தது, ஆனால் நாங்கள் முன்கூட்டியே கேட்டால்தான். மகள் கேட்டாள். பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்தாள். குறித்த நாள் அழைத்தவர், அப்படிக் கோரிக்கை ஒன்றும் கணினியில் தெரியவில்லை, தொடங்கலாமா என்றார். "பதிவு இல்லாமல் அம்மா கதைக்க மாட்டா" என்றாள் மகள். இரண்டு கிழமை தள்ளி வைத்தார்கள். அந்த இரண்டு கிழமையும் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிடுவார்களோ என்று நான் நித்திரை கொள்ளவில்லை.

பதிவு நடந்தது. அறிக்கை வந்தது. திரும்பவும் "சமாளிக்கிறார்". திரும்பவும் புள்ளி குறைந்தது. ஆனால் இந்த முறை பிரதி எங்கள் கையில்.

குசினி மேசையில் இருந்து கேட்டோம். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, என் அம்மாவின் குரல்போல. முப்பத்தோராவது நிமிடத்தில் தலை முழுகுவதைப் பற்றிக் கேள்வி. நான் ஏறக்குறைய ஒரு நிமிடம் பேசுகிறேன். கை தோளுக்கு மேல் வராது, மகள்தான் குளியலறையில் கதிரை போட்டு இருத்தி முழுகவார்க்கிறாள், அவள் இல்லாத கிழமை முழுக்க முழுகவில்லை, எண்ணெய் பிடித்த தலையோடு கோயிலுக்குப் போகவும் மனம் வராமல் இருந்தேன் என்கிறேன். நான் முடித்ததும் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல் சொல்கிறார்: கொஞ்சம் கஷ்டம், ஆனால் சமாளிக்கிறார்.

ஒரு நிமிடம் உள்ளே போய் ஆறு சொல்லாய் வெளியே வந்தது. மகள் நிறுத்தி, திருப்பிப் போட்டாள். திரும்ப நிறுத்தி, திரும்பப் போட்டாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

ஒவ்வொரு இடத்தையும் நிமிடத்தோடு எழுதினோம். நான் தமிழில் சொன்னது இது, அதன் ஆங்கிலம் இது, அறிக்கையில் வந்தது இது. அனுப்பினோம். இரண்டு மாதத்தில் முடிவை மாற்றினார்கள். தீர்ப்பாயம் இல்லை, கார் போகவில்லை, பிள்ளையின் படிப்பு நிற்கவில்லை. அதே நான், அதே கை, அதே "ஏலாது". 2019இல் பொய்யாய்ப் போனது 2023இல் உண்மையானதற்கு ஒரே காரணம், அந்தச் சொல் ஒரு கருவிக்குள் இருந்தது.

என் கோபம் எனக்காக மட்டும் இல்லை. கோயில் மண்டபத்தில் ஒருவரைக் காண்பேன். வன்னியில் போரின் கடைசி மாதங்களைக் கண்டவர். இரவில் நித்திரை இல்லை, கதவு அடிபட்டால் மேசைக்குக் கீழே போய்விடுவார். அவருக்கும் மதிப்பீடு நடந்தது. வெட்கம் வந்தால் சிரிப்பது அவர் சுபாவம். "சிரித்த முகத்துடன், பதற்றமின்றி உரையாடினார்" என்று எழுதியிருந்தார்கள். பூச்சியம் புள்ளி. பதிவு கேட்கலாம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. எந்தப் பாசையில், யாரிடம் கேட்பது? ஒரு மாதத் தவணை போய்விட்டது. "விடுங்கோ அக்கா, எனக்கு இதெல்லாம் வேண்டாம்" என்றார். அதைச் சொல்லும்போதும் சிரித்தார்.

கேட்கத் தெரிந்தவளுக்குப் பதிவு. பக்கத்தில் படித்த பிள்ளை இருந்தவளுக்குப் பதிவு. இந்த இரண்டும் இல்லாதவர்கள்தான் அந்த அறைக்குள் அதிகம் போகிறார்கள். 2025 மார்ச்சில் வெளியிட்ட சீர்திருத்த அறிக்கையில், மதிப்பீடுகளை வழமையாகவே பதிவு செய்யப்போவதாக அரசாங்கம் எழுதியிருக்கிறது, மக்களின் நம்பிக்கையைத் திரும்பப் பெறுவதற்காம். 2010இலிருந்து எண்ணிப் பாருங்கள். பதினைந்து வருடம். அந்தப் பதினைந்து வருடத்தில் காற்றோடு போன சொற்களை எந்தக் கருவியில் போட்டுக் கேட்பது?

இதை நான் போனில் பேசிப் பதிகிறேன். மகள் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்கிறாள். "ஏலாது" வரும் இடங்களை "முடியாது" என்று மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

போன கிழமை மீண்டும் மண்ணிறக் கடித உறை வந்தது. அடுத்த மீளாய்வு. திங்கட்கிழமை காலை தொலைபேசி இணைப்புத் திறக்கும். பதிவு வேண்டும் என்று கேட்போம். எடுப்பவரின் பெயரை எழுதி வைக்க வேண்டும், நேரத்தையும் எழுத வேண்டும். எழுதுவது மகள். பேனை பிடிக்க எனக்கு ஏலாது.